கந்தையும் ஓர் ஆவணமே!



நெசவுத் தொழில்நுட்பம் படிக்கிற நம் கையில் ஒரு துணியைக் கொடுத்தால் முதலில் என்ன செய்கிறோம்? வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறோம். பிக் கிளாஸை வைத்து அங்குலத்துக்கு எத்தனை பாவு இழை, எத்தனை ஊடை இழை என்று எண்ணுகிறோம். ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்தி, காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தி என்கிறோம். அப்புறம் குறை தேடுகிறோம். நாலு பாயிண்ட் முறைதான் நமக்கு மனப்பாடம் ஆயிற்றே! குறை 3 அங்குலம் வரை இருந்தால் 1 பாயிண்ட், 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. ஓட்டை என்றால் ஓர் அங்குலம் வரை 2, தாண்டினால் 4. 100 சதுர கஜத்துக்கு 40 பாயிண்டைத் தாண்டினால் துணி தேறாது என்பது பொதுவான வழக்கம்.

இதெல்லாம் சரி. ஆனால் அந்தத் துணியை நெய்தது யார், உடுத்தியது யார், கிழிந்தபோது தைத்தது யார் என்று நாம் கேட்பதில்லை. பரீட்சையில் அந்தக் கேள்வி வராது. நானும் கேட்டதில்லை. கேட்காததால் எங்கள் வீட்டில் நான் அழித்துவிட்ட ஒன்றைப் பற்றியும், அதன் பிறகு தேடித் தேடிப் படித்ததைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். ‘கலை’ என்ற சொல் வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது நம்ம பாடம்தான்.

ஒரு வாளி பிளீச்சிங் பவுடர்

எங்கள் ஊர் சாமளாபுரம். நொய்யல் ஆறு, பெரிய குளம், எந்தத் தெருவில் திரும்பினாலும் விசைத்தறிச் சத்தம். எங்கள் வீட்டிலும் நாலு நாடாத் தறி ஓடியது. அப்பாரு போட்டது, அப்பா ஓட்டியது. பாவும் நூலும் வாங்கி வந்து கூலிக்குக் காடாத் துணி நெய்து கொடுப்பது. கூலி கட்டுபடியாகாமல், நான் பத்தாவது படிக்கும்போது நாலு தறியையும் அப்பா எடைக்குப் போட்டுவிட்டார். தறிக்குடோன் இப்போது காலி.

தறி போனாலும் ஒரு விரிப்பு மிஞ்சியது. அப்பத்தா தைத்தது. மேலே பழைய சேலைகள், நடுவில் வேட்டிகள், அடியில் ஒரு காடாத் துணி. எல்லா அடுக்கையும் சேர்த்து, ஊசியை மேலும் கீழும் குத்தி எடுத்துக்கொண்டே போகிற ஓடு தையல் போட்டது. டிரங்குப் பெட்டியில் இருந்தது. அப்பத்தா அதைத் தோய்த்ததே இல்லை. வருஷத்துக்கு ஒரு தரம் வெயிலில் காயப்போட்டு, வேப்பிலை போட்டு மடித்து வைப்பார். அப்பத்தா இப்போது இல்லை.

பேரவைக் கண்காட்சிக்குப் பழம்பொருள் ஏதாவது கொண்டுவரச் சொன்னார்கள். விரிப்பை எடுத்தேன். புழுக்க வாசனை. பழுப்புக் கறை. அடித்துணியில் ஊதா நிறத்தில் ஏதோ மங்கலான கிறுக்கல். சும்மா இருப்பேனா? வெட் பிராசஸிங் பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவனல்லவா! ஒரு வாளித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைக் கலக்கி, ராத்திரி முழுக்க ஊற வைத்தேன். காலையில் பார்த்தால் அடித்துணி பால் போல வெள்ளை. கறையும் இல்லை, கிறுக்கலும் இல்லை. சேலைகளின் சாயம் பாதி போயிருந்தது. அதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை.

அப்பா வந்து இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார்.

“இதுல இருந்த எழுத்து எங்கடா?”

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அந்தக் காடாத் துணி, அப்பாரு போட்ட முதல் தறியில் அறுத்த முதல் துணி. கூலித் துணி என்பதால் அதற்குண்டான காசைக் கொடுத்துவிட்டு, ஆசைக்கு வீட்டிலேயே வைத்துக்கொண்டாராம். காப்பிங் பென்சிலை நாக்கில் தொட்டு, தேதி, மீட்டர், கீழே தன் கையெழுத்து எல்லாம் எழுதியிருந்தாராம். அந்தப் பென்சிலில் இருப்பது ஊதாச் சாயம். குளோரின் பட்டால் நிற்குமா?

“அது எந்த வருஷமுங்கப்பா?” என்று கேட்டேன்.

“அதுலதான்டா எழுதியிருந்துச்சு” என்றார்.

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

கதை இதோடு முடியவில்லை. காய்ந்த பிறகு மடிக்கப் போனால், கை பட்ட இடத்தில் அடித்துணி இற்றுக்கொண்டு வந்தது. மொத்தம் ஏழு ஓட்டை. காரணம் நம் புத்தகத்திலேயே இருக்கிறது. ஹைப்போகுளோரைட்டில் வெளுக்கும்போது பி.எச். அளவு 9.5-க்கு மேல் இருக்க வேண்டும். அது 7-ஐ ஒட்டி இறங்கினால் செல்லுலோஸே சிதைந்து ஆக்ஸிசெல்லுலோஸ் ஆகிவிடும், இழை வலுவிழந்துவிடும். வெளுத்து முடித்ததும் மிச்சக் குளோரினைப் போக்க ஆன்டிகுளோர் கொடுக்க வேண்டும். நான் பி.எச். பார்க்கவில்லை, நேரம் பார்க்கவில்லை, ஆன்டிகுளோர் கொடுக்கவில்லை. புத்தகத்தில் இருந்த மூன்றையும் மறந்தேன். புத்தகத்தில் இல்லாத நாலாவதை நினைக்கவே இல்லை. அந்தக் கறை யாருடையது?

கந்தையும் காந்தாவும்

‘கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது நம்ம ஊர்ப் பழமொழி. நான் அதன் இரண்டாம் பாதியைக் கொஞ்சம் அதிகமாகவே கடைப்பிடித்துவிட்டேன்! மனசு கேட்காமல் படிக்கத் தொடங்கியபோது முதலில் கண்ணில் பட்டது இந்தக் ‘கந்தை’ என்ற சொல்தான். வடமொழியில் ‘கந்தா’ என்றால் ஒட்டுப் போட்ட துணி. அதுவே தமிழில் கந்தை ஆயிற்று. வங்காளத்தில் ‘காந்தா’ ஆயிற்று. நமக்குக் கந்தை என்றால் கேவலம். வங்காளத்தில் காந்தா ஒரு கலை!

செய்முறையைக் கேளுங்கள். உடுத்திப் பழசான சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்க வேண்டும். கிழிந்த சேலையின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுக்க வேண்டும். அந்த நூலால் ஓடு தையல் போட்டுத் தாமரை, மீன், யானை, தேர் என்று படம் எழுப்ப வேண்டும். எங்கள் அப்பத்தா செய்ததும் இதேதான், படம் மட்டும் இல்லை.

காந்தாக்களில் பூவும் மீனும் மட்டும் இல்லை. தைத்தவர் கண்ட காலமும் அதில் ஏறியிருக்கிறது. குருசதய் தத் (1882-1941) என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, வேலைக்குப் போன மாவட்டங்களிலெல்லாம் கிராமத்துக் கலைப்பொருள்களைச் சேகரித்தார். கொல்கத்தாவின் ஓரத்தில் ஜோகா என்னுமிடத்தில் இருக்கும் குருசதய் அருங்காட்சியகம் அவர் சேகரிப்பில் உருவானது. அங்கே மானதாசுந்தரி என்ற பெண் 19ஆம் நூற்றாண்டில் தன் தந்தைக்காகத் தைத்த காந்தா ஒன்று புகழ்பெற்றது. ஊசி முனையில் சிப்பாய்கள்கூட இருக்கிறார்கள். அதோடு, இதை என் கையால் தைத்தேன் என்று தன் பெயரையும் நூலாலேயே எழுதிவிட்டார். அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது. எங்கள் அப்பாரு எழுதியது பென்சில் எழுத்து, போய்விட்டது. நூலால் எழுதியிருந்தால்?

கலை வரலாற்று அறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939-லேயே காந்தாவைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அவர் சேகரித்த காந்தாக்கள் இன்று அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கவிஞர் ஜசீமுத்தீன் 1929-ல் ‘நக்ஷி காந்தார் மாட்’ என்று ஒரு கதைக் கவிதையே எழுதினார். கணவனைப் பிரிந்த ஒரு பெண் தன் வாழ்க்கை முழுவதையும் காந்தாவில் தைத்து, இறந்த பிறகு அதைத் தன் சமாதி மேல் விரிக்கச் சொல்கிறாள் என்பது கதை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட வரலாறு எழுத ஒரு வழி இருந்தது. அதற்கு ஊசி என்று பெயர்.

கண்ணுக்குத் தெரியாத கை

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறியை விற்ற பிறகு அம்மா செக்கிங், மெண்டிங் வேலைக்குப் போகிறார். மேஜை மேல் துணி வந்துகொண்டே இருக்கும். பாவு இழை அறுந்த இடம், ஊடை விட்டுப்போன இடம், முடிச்சு, எல்லாவற்றையும் கண் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதே துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, ஊசியில் கோத்து, ஒன்று மேலே ஒன்று கீழே என்று தறி செய்ய மறந்ததை ஊசியால் செய்வார். கடைசியில் தண்ணீர் தொட்டு நகத்தால் லேசாகச் சுரண்டிவிடுவார். ஒட்டு எங்கே என்று நாம் தேடினாலும் கிடைக்காது.

“நான் தொட்டது தெரியக் கூடாது கண்ணு, அதுதான் வேலை” என்பார். தெரிந்தால் துணி திரும்பி வரும். தெரியாவிட்டால் கப்பல் ஏறும். அம்மா நன்றாக வேலை செய்தால், அம்மா அங்கே இருந்ததே யாருக்கும் தெரியாது!

இதே விதிப்படி வாழ்கிறவர்கள் வடக்கே ஓர் ஊரில் இருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர் மாவட்டத்து நஜிபாபாத். அங்கே ‘ரஃபூகர்’ எனப்படும் கைத்தொழிலாளிகள் காஷ்மீர் சால்வைகளின் கிழிசலைத் தலைமுறை தலைமுறையாக அடைத்து வருகிறார்கள். ரஃபூகர்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் காஷ்மீரில் ஒரே கானி சால்வையைப் பல துண்டுகளாகப் பல தறிகளில் நெய்தார்கள். அந்தத் துண்டுகளை இணைப்பு தெரியாமல் சேர்த்தது ரஃபூகர்களின் ஊசிதான். ராஜாக்கள் போர்த்திய சால்வை அது. இணைத்தவன் பெயரை யார் கேட்டார்கள்?

கேட்டவர் ஒருவர் உண்டு. டெல்லியைச் சேர்ந்த நெசவுக் கலைஞர் ப்ரியா ரவிஷ் மெஹ்ரா (1961-2018). சாந்திநிகேதனில் பயின்றவர், குடும்பத்தின் வேர் நஜிபாபாதில். அவர் ரஃபூகர்களோடு பல ஆண்டுகள் பழகி, அவர்கள் வேலையைப் பதிவு செய்தார். அவர்களைக் கண்காட்சிக்கு அழைத்து வந்து, மறைந்து நின்ற கையை மக்கள் முன்னால் காட்டினார். பிறகு தன் சொந்தப் படைப்புகளில் தலைகீழாக ஒன்று செய்தார். கிழிந்த பழந்துணியை எடுத்து, செடி நாரிலிருந்து செய்த காகிதக் கூழோடு சேர்த்து, ஓட்டையும் ஒட்டும் கண்ணுக்குத் தெரியும்படியே விட்டார். துணி, நூல், காகிதம் எல்லாம் ஒன்றில் கலந்த இதைத்தான் ‘கலப்பு ஊடகக் கலை’ என்கிறார்கள். ஏதோ பெரிய சொல் என்று பயப்பட வேண்டாம். துணியோடு துணியல்லாத ஒன்றையும் சேர்த்தால் கலப்பு ஊடகம். அவ்வளவுதான்.

புற்றுநோயோடு போராடிக்கொண்டே அவர் இந்த வேலையைச் செய்தார் என்று படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். பழுது பார்ப்பது என்பது புதுசாக்குவது அல்ல. உடைந்தது உடைந்ததுதான், ஆனாலும் விட்டுவிட மாட்டேன் என்று சொல்வது. நான் வாளியில் செய்தது புதுசாக்கும் வேலை. அதனால்தான் கெட்டது.

சாட்சி சொன்ன சாக்கு

கடல் தாண்டி ஓர் உதாரணம். தென் அமெரிக்காவில் சிலி என்ற நாடு. 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பினோசெட்டின் அந்த ஆட்சி 1990 வரை நீடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். பத்திரிகையில் எழுத முடியாது, மேடையில் பேச முடியாது. காணாமல் போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் தேவாலயத்தின் ஆதரவோடு கூடி உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார்கள்.

அடியில் சாக்குத் துணி. அந்த மொழியில் ‘அர்பியேரா’ என்றாலே சாக்குத்துணி என்றுதான் பொருள். அதன் மேல் வெட்டுத் துணிகளை ஒட்டுத் தையல் போட்டு வீடு, மலை, சூரியன், போலீஸ் வண்டி, ‘எங்கே அவர்கள்?’ என்று கேட்டு நிற்கும் பெண்கள். சிலர் காணாமல் போனவரின் சட்டையிலிருந்தே துண்டு வெட்டித் தைத்தார்கள். சில துணிகளின் பின்னால் ஒரு சின்னப் பை தைத்து, நடந்ததை எழுதிய சீட்டை அதில் வைத்தார்கள். ஏதோ பெண்கள் பொழுதுபோக்குக்குத் தைக்கிறார்கள் என்றே ஆட்சியாளர்கள் முதலில் நினைத்தார்கள். துணிகள் நாடு தாண்டிப் போய் உலகத்துக்குச் சாட்சி சொல்லின.

அமெரிக்காவில் 1987-ல் எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் நினைவாக ஓர் ஒட்டுப்போர்வை தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் 3 அடிக்கு 6 அடி துணி, ஒரு சவக்குழியின் அளவு. அந்த ஆண்டு அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோது 1,920 துண்டுகள். இன்று சுமார் 50,000. இறந்தவரின் ஜீன்ஸ், தொப்பி, பொம்மை, பொத்தான் எல்லாம் அதில் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கின்றன. எண்ணிக்கை என்று சொன்னால் மனசில் நிற்காது. ஒரு சட்டைப் பொத்தான் நிற்கும்!

நம்ம பக்கம் என்ன இருக்கிறது?

துணி வெறும் துணியல்ல என்று நம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சென்னிமலையில் 1904-ல் பிறந்த குமரன், 1932 ஜனவரி 10 அன்று திருப்பூர் ஊர்வலத்தில் தடியடி பட்டு விழுந்தபோதும் கொடியை விடவில்லை, மறுநாள் உயிர் விட்டார். கொடி என்பது என்ன? ஒரு முழத் துணி.

எச்சரிக்கையாக இன்னொன்றும் இருக்கிறது. அரியலூர் மாவட்டத்தில் கோடாலி கருப்பூர் என்று ஓர் ஊர். 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக அங்கே சேலைகள் செய்தார்கள். பருத்தியில் ஜரிகை ஊடு கொடுத்து ஜம்தானி முறையில் வடிவம் நெய்வது, அதன் மேல் மெழுகு தடவிக் கையால் வரைவது, பிறகு சாயம் ஏற்றுவது. நெசவு, ஓவியம், சாயம் மூன்றும் ஒரே துணியில்! 1855-ல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார், ராஜ்யத்தை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். வாங்க ஆளில்லாமல் அந்த நூற்றாண்டின் முடிவுக்குள் சேலையும் நின்றுபோனது. கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது சந்தோஷம். ஆனால் அந்தப் பழைய சேலைகள் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன, நெய்தவர் பெயர் சேலையோடு போய்ச் சேரவில்லை.

நம் நொய்யலும் ஒரு துணிக்கு உரிய கதைதான். பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமானது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது வேலையின்றி இருந்தவர்களும், கிணறு கெட்டுப்போன விவசாயிகளும் ஒரே பஸ்ஸில்தான் போய் வந்தார்கள். இதை யார் தைக்கப் போகிறார்கள்? பெட்டியில் வைத்த பழஞ்சேலையில் இல்லாவிட்டால், பனியன் கட்டிங் வேஸ்ட்டில் தைக்கலாமே!

துணியை வாசிக்கும் முறை

என் தவறு மற்றவர்களுக்கு நேராமல் இருக்க, நான் கற்றதை வரிசையாகத் தருகிறேன். பிராக்டிகல் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. தண்ணீரைத் தொடும் முன் ஆளைத் தொடுங்கள். அதாவது, வீட்டில் மூத்தவரிடம் கேளுங்கள். யாருடையது, எப்போது, எதற்கு வாங்கியது, ஏன் கிழிந்தது என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதுங்கள்.

2. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுங்கள். பின்பக்கம்தான் உண்மை பேசும். முடிச்சு, நூல் மாறிய இடம், வேறு கை தைத்த இடம் எல்லாம் அங்கே தெரியும்.

3. பிக் கிளாஸில் இழை எண்ணுங்கள். ஓரக்கரையைப் பாருங்கள். நாடாத் தறியில் ஊடை திரும்பி வருவதால் கரை மூடியிருக்கும், நாடா இல்லாத தறியில் பெரும்பாலும் இழை நுனிகள் வெட்டிக்கொண்டு நிற்கும். தறி எது என்று துணியே சொல்லிவிடும்.

4. கறையையும் ஒட்டையும் குறை என்று எழுதாதீர்கள். எங்கே, எவ்வளவு, என்ன நிறம் என்று மட்டும் எழுதுங்கள். தீர்ப்பு பிறகு.

5. கழுவியே ஆக வேண்டுமா? முதலில் சாயம் ஓடுகிறதா என்று ஈரமான வெள்ளைப் பஞ்சை ஒரு மூலையில் அழுத்திப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் தண்ணீர் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் எப்போதுமே வேண்டாம். என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்!

6. புதிதாக ஏதாவது சேர்த்துச் செய்வதானால், பசையைவிடத் தையல் நல்லது. தையலைப் பிரிக்கலாம், பசையைப் பிரிக்க முடியாது. குண்டூசி, ஸ்டேப்ளர் வேண்டாம். இரும்பு துருப்பிடித்தால் அந்த இடத்தில் பருத்தி இற்றுவிடும்.

7. நேர் வெயிலில் மாட்டக் கூடாது. மடித்த கோட்டிலேயே வருஷக்கணக்கில் மடித்து வைத்தால் அந்தக் கோட்டில் முறியும். சுருட்டி, வெள்ளைப் பருத்தித் துணி சுற்றி வையுங்கள்.

8. கடைசியாக, பெயர். ஒரு நாடாத் துண்டில் செய்தவர் பெயர், ஊர், ஆண்டு எழுதி, அந்த எழுத்தின் மேலேயே நூலால் தைத்துப் பின்பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். அடுத்தவர் துணியை வெட்டுவதானால் அவர் சம்மதம் இல்லாமல் கத்தரியை எடுக்காதீர்கள்.

ஏழு ஓட்டை

சரி, எங்கள் வீட்டு விரிப்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

இதையெல்லாம் படித்த வேகத்தில் அம்மாவிடம் போனேன். “அம்மா, அந்த ஏழு ஓட்டையையும் நீங்கதான் அடைக்கணும். ஆனா செவப்பு நூல்ல அடைங்க. அடைச்சது எல்லாருக்கும் தெரியணும்” என்றேன். ப்ரியா ரவிஷ் மெஹ்ரா பற்றியும் ரஃபூகர் பற்றியும் ஒரு பிரசங்கமே செய்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். சிவப்பு நூலைக் கோத்து நாலு இழை போட்டுப் பார்த்தார். பிரித்துவிட்டார்.

“கண்ணுக்குத் தெரியற மாதிரி தைக்க எனக்கு வராது கண்ணு. கை ஒத்துக்கல.”

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று வாரம் உட்கார்ந்தார். விரிப்பின் ஓரத்தில் மடித்துத் தைத்திருந்த இடத்தைப் பிரித்து, அப்பாரு நெய்த துணியின் இழையையே ஒவ்வொன்றாக உருவினார். வலுவான இழை கிடைக்க நாலைந்தை வீணாக்க வேண்டியிருந்தது. அப்பாருவின் நூல், அப்பத்தாவின் விரிப்பு, அம்மாவின் ஊசி. முடிந்ததும் என்னிடம் கொடுத்து, “இப்ப தேடு பாக்கலாம்” என்றார். நான் பிக் கிளாஸ் வைத்தும் ஐந்தைத்தான் கண்டுபிடித்தேன்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். விரிப்பு 2 கஜ நீளம், ஒன்றரை கஜ அகலம், அதாவது 3 சதுர கஜம். ஏழு ஓட்டையும் ஓர் அங்குலத்துக்கு மேல், ஆகவே ஒவ்வொன்றுக்கும் 4 வீதம் 28 பாயிண்ட் வர வேண்டும். ஒரு கஜ நீளத்துக்கு 4-க்கு மேல் போடக் கூடாது என்று விதி இருப்பதால் 8-தான். விதி இவ்வளவு இரக்கம் காட்டியும், 100 சதுர கஜத்துக்கு 267 பாயிண்ட்! தள்ளுபடி. அடைத்த பிறகோ, கண்ணுக்குத் தெரிந்தவரை பூஜ்யம். அந்த 267-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவே இருப்பது அம்மாவின் மூன்று ஞாயிற்றுக்கிழமை. எந்தப் பாயிண்ட் முறையிலும் அதற்கு இடமில்லை.

கண்காட்சியில் விரிப்பை அடிப்பக்கம் தெரியும்படி மேஜை மேல் விரித்தேன். பக்கத்தில் ஓர் அட்டை. ‘இந்தத் துணியை நெய்தவர் எழுதிய தேதி இதில் இருந்தது. அதை அழித்தவன் நான். இதில் ஏழு இடத்தில் ஓட்டை அடைக்கப்பட்டிருக்கிறது. கண்டுபிடியுங்கள்.’ கீழே அப்பாரு, அப்பத்தா, அம்மா மூவர் பெயரும். மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள்கூட வரிசையில் நின்று, குனிந்து குனிந்து தேடினார்கள். தேடும்போது ஒவ்வொருவரும் தன் வீட்டைப் பற்றிப் பேசினார்கள். எங்க அமுச்சி இப்படித்தான் தைப்பாங்க என்றார் ஒருவர். எங்க அப்பாவோட தறியும் போன மாசம் எடைக்குப் போயிருச்சு என்றார் இன்னொருவர். ஏழையும் கண்டுபிடித்தவர் ஒருவரும் இல்லை.

சாயங்காலம் அம்மா வந்தார். தன் பெயர் எழுதிய அட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். “பேரெல்லாம் எதுக்குடா” என்றார். ஆனால் அட்டையை வீட்டுக்கு எடுத்துவரச் சொன்னார். அது இப்போது விரிப்போடு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

அப்பாருவின் முதல் தறி எந்த வருஷம் ஓட ஆரம்பித்தது என்பது இனி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த ஓட்டையை அடைக்க நூல் இல்லை. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பரணிலும் ஒரு கந்தை இருக்கும். அதில் எழுத்தோ, கறையோ, ஒட்டோ இருக்கும். இந்த லீவில் எடுத்துப் பாருங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

— மூன்றாம் ஆண்டு, நெசவுத் தொழில்நுட்பப் பிரிவு, சாமளாபுரம்